துண்டு போட்ட இடம்

ஒஸ்ட்ராவாவில் விடிவதற்கு இன்னும் மூன்று டிராம் இருக்கிறது.
அலுவலக ரேடியேட்டரில் ஈரக் காலுறை காய
போஹ்தனா இல்லாததை எண்ணிக்கொண்டிருக்கிறாள்:
காலி பிளாக்குகளை.

ஒன்று என்றால் ஆள் இருக்கிறது.
சைபர் என்றால் வரலாம்.
கெர்னலுக்குத் தெரிந்த ஊர் வரைபடம் அவ்வளவுதான்,
முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வீட்டுக்கு
ஒரே ஒரு தாள்.

ஓட்ரா ஆற்றங்கரையில் பதினாறு அளவுகோல்கள்.
பத்து நொடிக்கு ஒருமுறை
பதினாறும் சேர்ந்து வாய் திறக்கும்.
பழைய நிரல் வந்தவனுக்கு வந்த இடத்தைக் கொடுத்தது.
முதலாவதன் ஒரு வாய், பக்கத்தில் ஏழாவதன் ஒரு வாய்,
அப்புறம் மூன்றாவது, மறுபடி ஏழு,
கல்யாணப் பந்தியில் ஒரு குடும்பத்தைப்
பதினாறு வரிசையில் சிதறி உட்காரவைத்தது போல.
எழுதும்போது யாருக்கும் வலிக்கவில்லை.

செப்டம்பர் மழையில்
ஆறு பாலத்தின் தொடையைத் தொட்ட இரவு
ஏழாவது மட்டும், ஒரு வாரக் கணக்கு மட்டும்,
உடனே வேண்டும் என்றார் நீர்த்துறை ஹினெக்.
டிஸ்க்கின் முள் தட்டு முழுக்க ஓடியோடிப் பொறுக்கியது.
நாற்பத்தொரு நிமிடம்.
அதற்குள் ஆறு வேறு ஆறாகியிருந்தது.

இடம் இல்லாமல் இல்லை. நிறையவே காலி.
எல்லாம் சில்லறை,
நோட்டாகக் கேட்டால் ஒன்றும் தேறாது.

அதன் பிறகு அவள் எழுதியது நூற்றுப் பத்து வரி.
கோப்பைத் திறந்ததுமே
எட்டு பிளாக்குக்குத் துண்டு போடு.
(பஸ் ஜன்னல் வழியாக நாம் செய்வதுதான்.
அவள் அதைப் பார்த்ததில்லை.)
எட்டும் நிரம்பினால் பதினாறு,
அதுவும் நிரம்பினால் முப்பத்திரண்டு.
அவசரப்பட்டு உட்காரவைக்காதே,
வந்தவன் பேசி முடிக்கட்டும்,
பின்னால் எத்தனை பேர் என்று தெரியட்டும்.

நாற்பத்தொன்று மூன்றானது.
ஹினெக் ஒரு டப்பா தேன்ரொட்டி அனுப்பினார்.

இரண்டு வாரம்.
பிறகு மொண்டெவிடியோவிலிருந்து எடெல்மிரோ:
"மிதவையில் இருக்கும் அட்டை நிறைந்துவிட்டதாம்.
உள்ளே பாதிகூட இல்லை."
கட்டைவிரல் நகமளவு அட்டை.
அதன் முழுப் பிரதியையும் அனுப்பியிருந்தான்.

நான்கு இரவுகள்.
ஒன்றுகளை எண்ணினாள். கோப்புகளைக் கூட்டினாள்.
இடித்தது.
வித்தியாசம் பதினோராயிரத்து இருநூற்று எட்டு.
எட்டால் வகுத்தாள்.
மீதி இல்லை.
அங்கேதான் அவளுக்கு வியர்த்தது.

மூடும்போது துண்டை எடுக்க
அவள் மறக்கவில்லை. வரி இருந்தது.
"ஏதாவது எழுதியிருந்தால்" என்ற நிபந்தனைக்கு உள்ளே இருந்தது.
மிதவையில் ஓர் உணரிக்கு உயிர் போய்விட்டிருந்தது.
மணிக்கொரு தடவை அது கோப்பைத் திறந்தது,
சொல்ல ஒன்றுமில்லாமல் மூடியது.
ஒவ்வொரு தடவையும் எட்டு இருக்கையில் துண்டு,
ஆள் இறங்கிப் போய் நாளாகிவிட்டது.

வந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போகிறவன் ஒருவன் உண்டு என்று
அவளுக்குத் தோன்றவே இல்லை.
எதிர் மேசையைப் பார்த்தாள்.
க்வியேடாவின் பெயர்ப்பலகை இன்னும் அங்கே.
பதினொரு நாள் வேலை பார்த்தவள்.

வரியை அடைப்புக்கு வெளியே தள்ளினாள்.
பேட்ச் என்று பார்த்தால் அவ்வளவுதான்,
ஓரடி இடப்பெயர்ச்சி.

பிட்டைத் திருப்புமுன் ஒரு சபலம்,
யாரும் எழுதாத அந்த பிளாக்கில் என்னதான் இருக்கிறது?
திறந்தாள்.
அந்த அட்டை அதற்கு முன்னால் எங்கோ இருந்திருக்கிறது.
கயிறு பத்து மீட்டர், மாட்டே இலை,
பேட்டரி, மருந்து (ராமிரோவுக்கு),
அதற்குக் கீழே பாதியில் நின்ற ஒரு தொலைபேசி எண்.

அடுத்தவர் சட்டைப்பையில் கைவிட்டது போலிருந்தது.
மூடினாள்.
ஒன்றைச் சைபராக்கினாள்.

பட்டியல் அப்படியே கிடக்கும்,
நாளை ஓர் அலையின் உயரம் வந்து
அதன் மேல் உட்காரும் வரை.

கீழே முதல் டிராம் திரும்பும் சத்தம்.
காலுறை இன்னும் காயவில்லை.